சூலுச் சண்டையில் ஒரு கரைவலைப் பாட்டு

மதலேனா: ...அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போடட்டே?

யோசெப்: வேண்டாம்.

மதலேனா: ஒருக்கா.

யோசெப்: வேண்டாம் எண்டுறன். உனக்கென்ன காது அடைச்சுப் போச்சோ?

மதலேனா: அடைச்சிருந்தா எவ்வளவு நல்லம். எனக்கு வடிவாக் கேக்குது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கும் வடிவாக் கேக்கப் போகுது. படத்தில மேடு முழுக்க ஆக்கள், கையில ஈட்டி, கேடயம், நடுவில என்ர புருசன் வைக்கல் பாவாடையோட. எதிரில வெள்ளைக்காரன் துவக்கோட நடுங்கிக்கொண்டு நிக்கிறான். இவர் வாயைத் திறந்து என்ன பாடுறார்? "பூனைக்கு முள்ளையும் நிறுத்துப் போடுவார்... ஏலேலோ."

யோசெப்: ஃபோனை அணை.

மதலேனா: ஆபிரிக்காவில போய்ச் சண்டை பிடிக்கேக்கயும் எங்கட வலை முதலாளி சம்மாட்டியார் வீட்டுப் பூனைதானோ உங்களுக்குக் கிடைச்சது?

யோசெப்: ஆர் ஆபிரிக்கா போனது? பளைக்கு அங்கால போனம். என்னை ஏன் பேசுறாய்? படக்காரங்கள்தான் சொன்னவங்கள், உங்கட பாசையில என்னத்தையாவது சேர்ந்து கத்துங்கோ, பேந்து குரலை மாத்திப் போடுவம் எண்டு.

மதலேனா: மாத்தினவங்களோ?

யோசெப்: மாத்தேல்லை.

மதலேனா: ஏன் மாத்தேல்லை?

யோசெப்: டைரக்டருக்குப் பிடிச்சுப் போச்சு. பாட்டைக் கேட்டுக் கண் கலங்கி நிண்டவன். இப்பிடி ஒரு வீரத்தைத் தன்ர சீவியத்தில கேக்கேல்லை எண்டவனாம்.

மதலேனா: பூனை முள்ளிலயோ?

யோசெப்: அவனுக்கென்ன பூனை தெரியும், முள்ளுத் தெரியும்... அவங்கள் ஊரூராத் தேடினது சேர்ந்து கத்தத் தெரிஞ்ச ஆக்களை. கிளிநொச்சிப் பக்கம் எடுத்த ஆக்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தியிருக்கினம். கரைவலை இழுக்கிற எங்களைப்போல வருமே? ஒருத்தன் அடி எடுத்துக் குடுத்தா, மிச்சப் பேர் ஒரே மூச்சில ஏலேலோ போடுவம். கயிறு இல்லாமலே இழுத்துக் காட்டினம்.

மதலேனா: வலை இழுக்கிற பாட்டைப் பாடிக்கொண்டு யுத்தத்துக்குப் போன முதல் ஆக்கள் நீங்கள்தான்.

யோசெப்: அதாலதான் படத்தில எல்லாரும் பின்னுக்குச் சாய்ஞ்சு சாய்ஞ்சு வாறம். கவனிச்சனியே? முன்னுக்கு ஓடு எண்டுறான். பாட்டு வாயில வந்தா உடம்பு தன்ர பாட்டில பின்னுக்குச் சாயுது. நாங்கள் என்ன செய்யிறது...

மதலேனா: அதைத்தான் எங்கட மூத்தவள் கம்சாவும் வவுனியாவிலயிருந்து கோல் எடுத்துச் சொன்னவள். ஆரோ ஒரு பேராசிரியர் பேப்பரில எழுதியிருக்கிறாராம். எதிரியைப் பாத்து முன்னேறேக்கயும் பின்னுக்குச் சாயிறது சூலு ஆக்கள்ட மிகப் பழைய போர்முறையாம். இந்தப் படத்திலதான் அதைச் சரியாக் காட்டியிருக்கினமாம்.

யோசெப்: உள்ளதோ?

மதலேனா: இன்னும் கேளுங்கோ. கீழ இங்கிலீசில எழுத்துப் போகுதெல்லே, அதையும் பிள்ளை வாசிச்சுச் சொன்னவள். "கடலம்மா கை நிறையக் குடுத்தாலும், சம்மாட்டி கை மட்டும் விரியாது" எண்டு நீங்கள் பாடேக்க, கீழ என்ன போகுது தெரியுமே? "எங்கள் ஈட்டிகள் தாகத்தோடு இருக்கின்றன." பூனை முள்ளுக்கு, "முன்னோர்களே, எழுந்து வாருங்கள்."

யோசெப்: நல்லாத்தானே மொழிபெயர்த்திருக்கிறான்.

மதலேனா: பகிடியை விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, பங்கு மண்டபத்தில பெரிய திரை கட்டிப் படம் போடப் போறார் சுவாமி. பிரதம விருந்தினர் ஆர்?

யோசெப்: தெரிஞ்சுகொண்டு ஏன் கேக்கிறாய்?

மதலேனா: உங்கட வாயால சொல்லுங்கோ.

யோசெப்: சவிரிமுத்துச் சம்மாட்டியார். வலைக்காரரைச் சூட்டிங்குக்கு அனுப்பி வைச்சவர் அவர்தானே எண்டு...

மதலேனா: அனுப்பி வைச்ச குற்றத்துக்குப் பொன்னாடை போத்தி, முன் கதிரையில இருத்தி, ஊரெல்லாம் பின்னால இருக்க, அவற்ற கஞ்சத்தனத்தை அவருக்கே பாடிக் காட்டப் போறம். அதுக்கு அடுத்த கிழமை வலைக்கு ஆசீர்வாதம், தொழில் தொடங்குது. இந்த முறை உங்களைக் கயித்தில கை வைக்க விடுவாரோ?

யோசெப்: விடமாட்டார்.

மதலேனா: இந்தக் கரையில வேற ஆற்ற வலை கிடக்கு, போய்ச் சேர?

யோசெப்: ஒருத்தற்றயும் இல்லை. இப்ப அதுக்கு என்னைத் தூக்கில போடப் போறியே?

மதலேனா: பெத்த மகன் வெளிநாடு போறன் எண்டதுக்கு, இண்டையோட எனக்கு மகன் இல்லை எண்டு சொன்ன மனுசன் அது. தாய் கண்ணை மூடின நேரம் கூட ரெண்டு பேரும் கதைக்கேல்லை. வின்சனுக்கே அந்தக் கதி எண்டா, உங்களுக்கு என்ன கதி?

யோசெப்: அதை விடு இப்ப. யோசிப்பம். அந்த இடம் வரேக்க கரண்டை நிப்பாட்ட ஏலாதோ?

மதலேனா: ஒருக்கா நிப்பாட்டினாப் போதுமே? நீங்கள் படம் முழுக்கவெல்லே பாடிக்கொண்டு வாறியள். எத்தினை தரம் வாறியள்?

யோசெப்: சாகச் சாக வாறம். விழுந்து செத்தா, கமரா அங்கால திரும்பின உடனை எழும்பிப் பின்னால ஓடிப்போய் வரிசையில நிக்க வேணும். பேந்து வந்து சாக வேணும். எங்கட வலையில உள்ள ஆக்களை வைச்சே அவன் ஆயிரம் பேரைச் சாக்காட்டிப்போட்டான். வெள்ளைக்காரன் ஒருத்தன் செத்தா மட்டும்... அப்பா, அது ஒரு தனிச் சாவு. தொப்பி ஒரு பக்கம், தாயின்ர படம் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். அவன் செத்து முடியுமட்டும் நாங்கள் ஈட்டியோட மரியாதையாக் காத்துக்கொண்டு நிண்டம்.

மதலேனா: அவங்கள் உண்மையான வெள்ளைக்காரரோ?

யோசெப்: ரஷ்யாக்காரர். தெற்கில கடல் அலைக்கு மேல பலகை ஓட வந்த பெடியளைப் பிடிச்சுக்கொண்டு வந்து சிவப்புக் கோட்டுப் போட்டு விட்டிருந்தாங்கள். வெயிலுக்கு மூக்கெல்லாம் உரிஞ்சுபோச்சு. பாவங்கள். வெள்ளைக்காரன் ரஷ்யாக்காரன், சூலுக்காரன் முல்லைத்தீவுக்காரன், ஆபிரிக்கா பளை.

மதலேனா: உங்களுக்குக் கரி பூசினவங்களாம். உண்மையோ?

யோசெப்: ஓம்.

மதலேனா: எட... உங்களுக்கோ? இதுக்கு மேலயோ?

யோசெப்: சிரிக்காதை. நானும் கேட்டனான், ஏன் தம்பி அந்த ஆக்களையே கூட்டிக்கொண்டு வந்து அவையளின்ர சண்டையைக் காட்டினா என்ன எண்டு. கரிதான் சுகமாம். அந்த ஆக்கள் வந்தாக் கதையைத் திருத்தச் சொல்லிக் கேப்பினமாம்.

மதலேனா: நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?

யோசெப்: கேட்டனான். ஒரு உதவி டைரக்டர், கொழும்புப் பெடியன், தமிழ் தெரியும். தம்பி, இந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் ஏன் இதில முகாம் போட்டிருக்கினம் எண்டன். காணியைக் காவல் காக்க எண்டான். ஆற்ற காணியை? சூலு ஆக்கள்ட காணியை. ஆரிட்டயிருந்து காவல்? சூலு ஆக்களிட்டயிருந்து.

மதலேனா: ...மெதுவாக் கதையுங்கோ.

யோசெப்: நான் படத்தைத்தானே சொல்லுறன்.

மதலேனா: படத்தையும் மெதுவாச் சொல்லுங்கோ.

யோசெப்: நீ கேட்டதாலதான் சொல்லுறன். அந்த வெளியில மிதிவெடிப் பலகை ஒண்டு நிண்டது, மண்டையோடு கீறினது. டைரக்டர் அதைக் கண்டிட்டு ஆசைப்பட்டுப்போனான். சூலு ஆக்கள்ட அலங்காரமாக்கும் எண்டு நினைச்சு, இதைப்போல இன்னும் கொஞ்சம் செய்து நடச் சொல்லிப்போட்டான்.

மதலேனா: நட்டியளோ?

யோசெப்: நாங்கள் நட்டது ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம். கடைசி நாள் எது எங்கட, எது உண்மை எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. எல்லாரும் வந்த அடியில காலை வைச்சுத்தான் திரும்பி வந்தம். அதுவும் பழைய போர்முறை எண்டு இனி ஆரும் எழுதுவாங்கள்.

மதலேனா: மாதாவே.

யோசெப்: பேந்து ஒருத்தன் வந்தான், எங்களுக்குச் சாகப் பழக்க.

மதலேனா: என்னத்துக்கு?

யோசெப்: சாக. சூடு பட்டா ரெண்டு கையையும் விரிச்சு, வாயைத் திறந்து, துள்ளிப் பின்பக்கமா விழ வேணுமாம். கணபதியண்ணை இருக்கிறாரெல்லே, கிளிநொச்சியால வந்தவர், அவர் சொன்னவர், தம்பி, அப்பிடி ஒருத்தரும் விழுறேல்லை எண்டு. அவன் கேட்டான், உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு.

மதலேனா: கணபதியண்ணையைப் பாத்தோ கேட்டவன்?

யோசெப்: கணபதியண்ணை ஒண்டும் சொல்லேல்லை. நாங்களும் சொல்லேல்லை. அவன் சொன்னபடி கையை விரிச்சுத் துள்ளி விழுந்தம்.

மதலேனா: கணபதியண்ணைதானே ஆரையோ உண்மையாக் குத்தினவர்?

யோசெப்: குத்தேல்லை, ஈட்டிக் காம்பால முதுகில ரெண்டு வைச்சவர். தன்ர கொப்பாட்டனைக் கப்பலில ஏத்திக்கொண்டு வந்து மலைநாட்டுத் தேயிலைக்க விட்ட வெள்ளைக்காரரில ஒருத்தனாவது இண்டைக்குத்தான் அம்பிட்டான் எண்டு சொல்லிச் சொல்லி வைச்சவர். அவன் ரஷ்யப் பாசையில கத்தினாப் பிறகுதான் மனுசனுக்கு நினைவு வந்தது. பேந்து ரெண்டு பேரும் ஒண்டா இருந்து இளநி குடிச்சவை.

மதலேனா: கதையை மாத்தாதேங்கோ. சம்மாட்டியாருக்கு என்ன சொல்லப் போறம்?

யோசெப்: ஆர் பாட்டுக் கட்டினது எண்டு கேட்டா, நான்தான் எண்டு சொல்லுவம். வேற என்ன.

மதலேனா: நீங்கள் எண்டோ...

யோசெப்: ஓம், நான். நீயும் அப்பிடித்தான் சொல்லோணும். விளங்குதே?

மதலேனா: விளங்குது. உங்களுக்குப் பாட்டுக் கட்ட வரும் எண்டு ஊர் நம்ப வேணுமே... இஞ்சாருங்கோ, அது அவற்ற மோட்டச்சைக்கிள் சத்தமெல்லே?

யோசெப்: ஃபோனை ஒளி. கெதியா.

மதலேனா: அணைக்கேலாமக் கிடக்கு...

யோசெப்: எங்கயாவது ஒளி.

சம்மாட்டியார்: யோசெப்பு... நிக்கிறியோ?

மதலேனா: வாங்கோ சம்மாட்டியார். அந்தக் கதிரை கால் ஆடும், இதில இருங்கோ. தேத்தண்ணி ஊத்தட்டே?

சம்மாட்டியார்: ஃபோனை ஏன் பிள்ளை அரிசிப் பானைக்க வைக்கிறாய்?

மதலேனா: ஈரம் பட்டிட்டுது. அரிசிக்க வைச்சாக் காயுமாம்...

சம்மாட்டியார்: அரிசி பாடுது. ஏலேலோ போடுது.

யோசெப்: அது ரிங்டோன், சம்மாட்டியார்.

சம்மாட்டியார்: ஓமோ. நீயும் இரு, ஏன் சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறாய்? படம் பாத்தனியோ?

யோசெப்: எங்க பாக்கிறது, வேலைக்கே நேரம் சரி. நீங்களும் ஞாயிற்றுக்கிழமை உதுக்கெண்டு மினக்கெட வேண்டாம், சம்மாட்டியார். உங்கட முழங்காலுக்கு அவ்வளவு நேரம் இருக்கக் கூடாது.

சம்மாட்டியார்: என்ர முழங்காலில எப்ப தொட்டு உனக்கு அக்கறை?

யோசெப்: அதில்லை... படம் அவ்வளவு வடிவில்லை. எல்லாரும் இடுப்பில வைக்கலோட நிக்கிறம். காத்தும் அடிக்குது. சிஸ்டர்மார் வாற இடம்.

சம்மாட்டியார்: சுவாமி முழுக்கப் பாத்திட்டுத்தானே போடுறார்.

மதலேனா: சுவாமி மலைநாட்டுப் பக்கம் வளந்தவர், சம்மாட்டியார். அவருக்கு இந்தப் பாட்டு என்ன விளங்கும்...

சம்மாட்டியார்: என்ன பாட்டு?

மதலேனா: ...பாட்டோ? ஆர் பாட்டெண்டு சொன்னது?

சம்மாட்டியார்: நீதான் பிள்ளை இப்ப சொன்னனீ.

யோசெப்: அது சூலுப் பாட்டு. அவையளின்ர பாசையில.

சம்மாட்டியார்: அப்ப அதில "சம்மாட்டி" எண்டு வருதாமே.

யோசெப்: ஓம்... வரும். சூலுப் பாசையில சம்மாட்டி எண்டாச் சிங்கமாம்.

சம்மாட்டியார்: சிங்கமோ.

யோசெப்: பெரிய சிங்கம்.

சம்மாட்டியார்: கை விரியாது எண்டும் வருதாம்.

யோசெப்: சிங்கம்தானே... பிடிச்சதை விடாது எண்டு.

சம்மாட்டியார்: பூனை?

யோசெப்: பூனை எண்டா வெள்ளைக்காரன்.

சம்மாட்டியார்: முள்ளு?

யோசெப்: முள்ளு எண்டா ஈட்டி. வெள்ளைக்காரனுக்குச் சிங்கம் ஈட்டியை... நிறுத்து...

சம்மாட்டியார்: சொல்லு. நிறுத்து?

யோசெப்: ...போடும்.

சம்மாட்டியார்: நான் அப்பிடி முள்ளு நிறுக்கிறேல்லை.

மதலேனா: ஐயோ, இல்லை சம்மாட்டியார். ஊருக்கே தெரியும்.

சம்மாட்டியார்: பூனைக்கு அளவாத்தான் போட வேணும். கூடினாச் சத்தியெடுக்கும்.

மதலேனா: ஓம். சரியான கதை.

சம்மாட்டியார்: இப்ப எனக்கு ஒண்டு தெரிய வேணும். நான் வாடிக் கொட்டிலுக்குள்ள போன உடனை நீங்கள் கரையில இதைத்தான் இத்தினை வருசமாப் பாடிக்கொண்டு நிண்டனீங்கள். என்ர வலையை இழுத்துக்கொண்டு, என்ர சோத்தைத் திண்டுகொண்டு. ஆர் கட்டினது?

யோசெப்: நான், சம்மாட்டியார்.

சம்மாட்டியார்: நீயோ?

யோசெப்: நான்தான். ஒரு முசுப்பாத்திக்கு, சும்மா சிரிக்க. உங்களுக்குக் கோவம் எண்டா என்னைக் கயித்தில இருந்து விலத்துங்கோ. மற்ற ஆக்கள் சும்மா ஏலேலோ போட்டவை, அவையளை ஒண்டும் செய்யாதேங்கோ.

மதலேனா: அவரில்லை, சம்மாட்டியார். நான் கட்டினது. மீன் வெட்டேக்க ஏதோ வாய்க்கு வந்தது.

யோசெப்: நீ ஏன் இடையில...

மதலேனா: கொஞ்சம் சும்மா இருங்கோ. என்னை என்ன, கயித்தால விலத்தவே போறார்?

சம்மாட்டியார்: சரி. நீயோ அவளோ, ஆரெண்டாலும் அடுத்த அடியைக் கட்டுங்கோ. இப்ப. எனக்கு முன்னால. "பூனைக்கு முள்ளையும்" எண்டதுக்குப் பிறகு.

யோசெப்: ...பூனைக்கு முள்ளையும்... நாய்க்கு... நாய்க்கு எலும்பையும்...

சம்மாட்டியார்: என்ன நாய்? என்னட்ட நாய் இல்லையே.

யோசெப்: சம்மாட்டியாருக்கு நாய் இல்லை... ஏலேலோ...

சம்மாட்டியார்: காணும். உன்னையும் உன்ர பாட்டையும் வைச்சுச் சூலு ஆக்கள் சண்டைக்குப் போயிருந்தா ஒரு நாள் தாக்குப்பிடிச்சிருக்கமாட்டினம். பொய்யையாவது ஒழுங்காச் சொல்லத் தெரியாது உனக்கு. ஏன்ரா மறைச்சனீ?

யோசெப்: என்னத்தை?

சம்மாட்டியார்: என்ர பெடியன் கட்டினது எண்டதை.

யோசெப்: உங்களுக்கு ஆர் சொன்னது?

சம்மாட்டியார்: ஏன் மறைச்சனீ எண்டு கேட்டனான்.

யோசெப்: பேந்து என்ன செய்யச் சொல்லுறியள்? ஏற்கெனவே உங்கள் ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. பெத்த மகன் கயித்தில நிண்டு தகப்பனைப் பழிச்சுப் பாடினவன் எண்டும் தெரிஞ்சா, அவன் இனி இந்தப் படலையைத் திறந்து வர ஏலுமே? பாட்டு என்ர எண்டா நான் மட்டும்தானே வெளியில... அதுதான்.

மதலேனா: உங்களை நோகடிக்கக் கட்டினதில்லை, சம்மாட்டியார். அவன் பெரிய முசுப்பாத்திக்காரன். நீங்கள் எண்டா அவனுக்கு உயிர்.

சம்மாட்டியார்: தெரியும்.

மதலேனா: அப்ப ஆர் உங்களுக்குச் சொன்னது?

சம்மாட்டியார்: அவன்தான்.

யோசெப்: ஆர்... வின்சனோ?

சம்மாட்டியார்: நேற்று ஃபோன் அடிச்சுது. வெளிநாட்டு நம்பர். நான் ஆரும் வேற ஆக்கள் எண்டு எடுத்தன். "அப்பா" எண்டான். பாரிஸில தியேட்டருக்க இருந்து இந்தப் படம் பாத்திருக்கிறான். சுத்தவர வெள்ளையள் எல்லாம் பயந்து மூச்சுவிடாமல் இருக்குதுகளாம், இந்தா சூலுப் படை வருது எண்டு. இவனுக்குத் தன்ர பாட்டுக் கேட்டிருக்கு. உன்ர மூஞ்சையும் கண்டிருக்கிறான், கரிக்குள்ளால. எழும்பி நிண்டு தானும் கூடப் பாடினவனாம். லைற் அடிச்சுப் பிடிச்சு வெளியில விட்டிட்டாங்கள்.

யோசெப்: என்ர ஆண்டவரே...

சம்மாட்டியார்: அந்த றோட்டில நிண்டுதான் எடுத்தவன். முதல் சிரிச்சான். சரியான சிரிப்பு. பேந்து பாத்தா அழுறான். தாயைக் கேட்டு அழுதான். வைச்சிடுவானோ எண்டு பயந்துகொண்டு ஃபோனை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

மதலேனா: பேந்து?

சம்மாட்டியார்: பேந்து அவனே அடி எடுத்துப் பாடினான். "சம்மாட்டி கை மட்டும் விரியாது" எண்டு. எனக்கே. நேர.

மதலேனா: ஐயோ, சம்மாட்டியார்... நீங்கள் பிள்ளையைப் பேசிப்போட்டியளோ?

சம்மாட்டியார்: பேசத்தான் பிள்ளை வாயைத் திறந்தனான்... "ஏலேலோ" எண்டுதான் வந்தது.